பெயர்களை வெட்டும் வேலை

1

அடுத்த சனிக்கிழமை, பல மொழிகளில் ஒலிபரப்பும் எங்கள் மெல்பேர்ன் வானொலி நிலையத்துக்கு ஆண்டு விழா. கேக் வெட்டுவார்கள், நகரசபைக்காரர் ஒருவர் வந்து நீட்டி முழக்குவார், மொழிக்கு ஒரு தட்டு என்று சாப்பாடு வரும். தமிழுக்கு என் மனைவி மலரின் வடை. வருடா வருடம் நடப்பதுதான். இந்த முறை நான் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் அலைவதற்குக் காரணம் வேறு. அந்த விழாவில் ஒரு பெயர் ஒலிக்க வேண்டும். அந்தப் பெயரை வெட்டியவன் நான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு என் வேலையை முதலில் விளங்கப்படுத்த வேண்டும். எண்பத்தாறில் இங்கே வந்தேன். டண்டினொங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நின்றேன். அது பூட்டப்பட்டபோது தலை பாதி நரைத்திருந்தது. யாழ்ப்பாண டவுனில் ரேடியோவும் கசெட் ரெக்கோடரும் திருத்தும் கடையில் வேலை பார்த்தவன் என்று விண்ணப்பப் படிவங்களின் மூலையில் எப்போதும் எழுதி வைப்பேன். யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. இந்த வானொலி நிலையம் சட்டை செய்தது. பழைய கசெட்டுகளைக் கம்பியூட்டரில் ஏற்ற ஒரு ஆள் வேண்டுமாம்.

நிலையத்தை நடத்துபவள் ஹெலன். நல்ல பெண். 'நோ வொறீஸ்' என்று அவள் சொல்லும்போதெல்லாம்தான் எனக்குக் கவலை தொடங்கும். நேர்முகத்தில் முதல் கேள்வியே, "உங்களுக்கு ஸ்பானிய மொழி தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்றேன். வேலை போய்விட்டது என்று கதிரையை விட்டு எழும்பப் பார்த்தேன்.

"மிகவும் நல்லது," என்றாள் ஹெலன்.

காரணம் இருந்தது. அந்தக் கசெட்டுகள் 'சுகமும் நீதியும்' என்று எண்பதுகளில் ஒலிபரப்பான ஸ்பானிய நிகழ்ச்சியுடையவை. சிலி நாட்டில் இருந்து வந்த ஒரு தாதி அதை நடத்தினார். கையில் ரெக்கோடரோடு அவர் போகாத இடமில்லை. எங்களைப் போலவே நாட்டை விட்டு ஓடிவந்த சிலிக்காரர், எல் சல்வடோர்க்காரர் வீடுகளின் குசினிகளுக்குள் போனார். தொழிற்சாலை வேலையில் விரல் மரத்துப்போன பெண்களைப் பேச வைத்தார். சந்திப்பு நாட்களில் சிறைச்சாலைக்குள் போய் அந்தச் சமூகத்துப் பையன்களையும் பேச வைத்தார். பல்வலிக்கு மாதக்கணக்காக வைத்தியர் வரவில்லை என்று ஒருவன். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், விளங்காத தாளில் கையெழுத்து வாங்கி ஊசி போட்டார்கள் என்று இன்னொருவன். மனம் சரியில்லாதவனைத் தனி அறையில் போட்டுப் பூட்டினால் சுகம் வருமா என்று ஒரு தாய். நோயையும் நீதியையும் அந்தத் தாதி பிரித்துப் பார்க்கவில்லை. அவர் பிறகு சிலிக்கே திரும்பிப் போய் அங்கே காலமானார். பெட்டி பெட்டியாகக் கசெட்டுகள் மட்டும் மிஞ்சின.

மெல்பேர்னில் அந்தச் சமூகம் சின்னது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மொழி தெரிந்த ஒருவன் கேட்டால் அடுத்த ஞாயிறே மாதா கோவில் வாசலில் கதை பரவிவிடும். மொழி தெரியாத காதுதான் பாதுகாப்பு என்று ஹெலன் முடிவு செய்தாள். அறியாமைக்குச் சம்பளம் கிடைத்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

அதற்கும் பொலிஸ் நற்சான்று எடுக்க வேண்டியிருந்தது. 'நீங்கள் எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று போட்டேன். குடும்பத்தில் யாராவது என்று கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி சொல்லிக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

2

ஹெலன் தந்த விதி சின்னது. கசெட்டை அப்படியே ஏற்ற வேண்டும். எந்தக் குடும்பம் தங்கள் பெயர் வெளியே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறதோ, அந்தப் பெயர் வருகிற இடத்தை மட்டும் ஓசையில்லாமல் செய்ய வேண்டும். அப்படிச் சொன்ன குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

நான் எல்லாப் பெயர்களையும் வெட்டினேன்.

விதி விளங்காமல் இல்லை. நன்றாக விளங்கியது. கைதான் கேட்கவில்லை. மொழி தெரியாவிட்டாலும் பெயர் வரும் இடம் எனக்குத் தெரியும். 'மே யாமோ' என்று தொடங்கினால் அடுத்தது பெயர். அந்த இடம் வந்ததும் என் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கும். திரையில் அலையலையாக ஓடுகிற கோடு அந்த இடத்தில் மட்டும் நூல் பிடித்தது போல் நேராகிவிடும். அப்போது எனக்குள் ஒரு நிம்மதி. ஒருவனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். நான் கடல் தாண்டி வந்தும் அடுப்பங்கரையை நாடாத பூனை.

உங்களில் வயது வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கசெட்டில் பேசி அனுப்பிய காலம் இருந்ததல்லவா? கொழும்புக்குப் போகிற யாராவது ஒருவரின் பயணப் பையில், பக்திப் பாடல் மட்டையைப் போர்த்திக்கொண்டு வரும் கசெட். முதலில் இரண்டு பாட்டு. சோதனைச் சாவடியில் போட்டுக் கேட்டால் பாட்டுத்தான் கேட்கும். பிறகு அப்பா செருமுகிற சத்தம். "எல்லாரும் சுகம்" என்று தொடங்குவார். ஒரு பெயரும் வராது. நான் 'தூரத்தார்'. பக்கத்து வீட்டுக்காரர் 'வேலிக்கு அங்காலே'. சுவருக்கும் காது இருக்கு என்று அப்பா வீட்டிலேயே மெதுவாகத்தான் பேசுவார்.

என் தம்பி 'கண்ணாடிக்காரர்'.

"கண்ணாடிக்காரரைப் பற்றிப் புதினம் ஒண்டும் இல்லை." ஒவ்வொரு கசெட்டிலும் இந்த ஒரு வசனம். பிறகு பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு மாங்காய், மழை, வெங்காய விலை.

எண்பத்தைந்தில் ஒரு காலை. தம்பி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். தடித்த கண்ணாடி போடுகிறவன். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்திருந்தான். அந்த நேரம் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து, அகப்பட்ட இளந்தாரிகளை எல்லாம் ட்ரக்கில் ஏற்றினார்கள். நான் அன்று டவுனில் கடையில் நின்றதால் தப்பினேன். அம்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ட்ரக்குக்குப் பின்னால் ஓடியிருக்கிறா. "அவனை விடுங்கோ" என்று அம்மா கேட்கவில்லையாம். "இதை அவனிட்டக் குடுங்கோ" என்றுதான் கத்தினாவாம்.

தெற்கே ஒரு முகாமில் இருக்கிறான் என்று தெரிந்தது. அங்கிருந்து விடுபட்டு வந்த ஒரு பெடியன் அம்மாவிடம் சொன்னான்: "அவர் சுவரைத் தடவித் தடவித்தான் அம்மா நடக்கிறவர். தலையிடியாம். குளிசை கேட்டால் குடுக்க மாட்டாங்கள்." அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பெயரைச் சொல்லித் தேடப் போனவர்களின் மற்றப் பிள்ளைகளையும் கொண்டுபோன காலம் அது. அதனால் அப்பா ஒரு கட்டளை போட்டார். இனி அந்தப் பெயர் இந்த வீட்டில் வரக்கூடாது. எனக்காகத்தான் போட்டார். அடுத்த வருடம் என்னை விமானம் ஏற்றும்போது அம்மா அந்தக் கண்ணாடியை என் சட்டைப் பைக்குள் வைத்தா. "எங்கயாவது கண்டால் குடு" என்றா. அவுஸ்திரேலியாவில் எங்கே காண்பது என்று நானும் கேட்கவில்லை.

அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டா. கட்டளை மட்டும் விமானம் ஏறி வந்து இந்த வீட்டில் என்னோடு குடியிருக்கிறது. இதை எழுதும்போதும் பாருங்கள், 'தம்பி' என்றுதான் எழுதுகிறேன்.

3

செவ்வாய்க்கிழமை ரோசா வந்தா.

எழுபது வயது இருக்கும். எல் சல்வடோர்க்காரி. என்னைப் போலவே டண்டினொங் பக்கம் தொழிற்சாலையில், அவ கோழி வெட்டுகிற இடத்தில், வாழ்நாளைக் கழித்தவ. வீடு எங்களுக்குப் பக்கத்து ஊர், நோபிள் பார்க். விழாவன்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஒலிப்பதிவைத் தெரிவு செய்து வானொலியில் ஒலிபரப்பலாம் என்று ஹெலன் அறிவித்திருந்தாள். ரோசா தன் மகன் மிகேலின் பதிவைக் கேட்க வந்திருந்தா. மிகேல் எண்பத்தெட்டில் இங்கே ஒரு சிறைச்சாலையில் இருந்தவன். களவுக் கேஸ். தொய்வு வருத்தக்காரன். மூச்சுக்கு அடிக்கிற பம்பைக் காவலரிடம் கொடுத்து வைக்க வேண்டும், கேட்டால் விடியத்தான் வருகிறது என்று அந்தக் கசெட்டில் சொல்லியிருக்கிறான். பதிவு செய்து சில மாதங்களில் ஒரு விடியலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

இவ்வளவும் ஹெலன் எனக்கு அன்று சொல்லித்தான் தெரியும். நான் அந்தக் கசெட்டை மாசியிலேயே ஏற்றி முடித்திருந்தேன். எனக்கு அது மூச்சு வாங்கிப் பேசுகிற ஒரு குரல், அவ்வளவுதான்.

ரோசாவின் காதில் ஹெட்போனை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டா. முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா.

"திரும்பப் போடு."

போட்டேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. திரையில் கோடு நேராகிற இடத்தில் விரலை வைத்தா.

"இங்கே என்ன?"

"அங்கே பெயர் இருந்தது. எடுத்துவிட்டேன்."

"ஏன்?"

"பாதுகாப்புக்கு."

எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே தொழிற்சாலைத் தரம். அதனால் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை.

"யாருடைய பாதுகாப்புக்கு?" என்றா ரோசா. "அவன் செத்துவிட்டான்."

அவ ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தா. எறிந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் வைத்தா.

"அவன் தன் பெயரைச் சொல்வான். பிறகு, ரோசாவின் மகன் என்று சொல்வான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரேடியோவில் ஒரே ஒரு முறை கேட்டேன், குசினியில் நின்றபடி. அவன் குரல் வேறு எதிலும் இல்லை. பம்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்க நான் வரவில்லை. அது எனக்குத் தெரியும். பெயர் சொல்வதைக் கேட்க வந்தேன்."

அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். நடந்தபடியே என் நியாயத்தைச் சொன்னேன். எங்கள் நாட்டில் பெயரைச் சொன்னால் ஆளைக் கொண்டுபோவார்கள், சொல்லாதவன்தான் பிழைத்தான் என்றேன். ரோசா தலையை ஆட்டினா. ஒத்துக்கொண்டு அல்ல.

"எங்கள் நாட்டிலும் கொண்டுபோனார்கள். அதனால்தான் நாங்கள் பெயரைச் சத்தமாகச் சொன்னோம். கொண்டுபோனால் உடனே தெருவுக்கு வந்து பெயர் சொல்லிக் கத்துவோம். பெயர் தெரிந்த ஆளைக் கொல்லக் கொஞ்சம் பயப்படுவார்கள். கொன்றுவிட்டால் கூட்டத்தில் பெயரைக் கூப்பிடுவோம். எல்லோரும் சேர்ந்து 'பிரசென்தே' என்று பதில் சொல்வோம். இங்கே இருக்கிறான் என்று அர்த்தம்."

பிறகு கேட்டா: "நீங்கள் சொல்லாமல் இருந்தீர்களே, யார் பிழைத்தது?"

நான் பிழைத்தேன் என்பதுதான் சரியான பதில்.

4

மூலக் கசெட் இருந்தால் திரும்ப ஏற்றலாம். ஹெலனிடம் ஓடினேன். அவள் முகம் வெளிறியது. ஏற்றி முடித்த பெட்டிகளை வைக்க இடமில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, போன வாரமே பின் முற்றத்தில் நிற்கிற பெரிய குப்பைத் தொட்டியில் போட்டாயிற்று. லொறி புதன்கிழமை வரும். எனக்கு அந்தத் தீர்மானத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்களாம். அலுவலக மின்னஞ்சல்களை நான் எப்படிப் படிக்கிறவன் என்று உங்களுக்குத் தெரியாது. 'அன்புள்ள அனைவருக்கும்' என்றிருந்தால் அது எனக்கில்லை என்று எண்ணுகிறவன்.

"நேதன், லொறியை நிறுத்தச் சொல்லி இப்போதே போன் பண்ணுகிறேன்," என்றாள் ஹெலன். நேதன் என்பது நான்தான். சத்தியநாதன் என்று தொழிற்சாலையில் முதல் நாள் சொன்னேன். பாதியை அவர்கள் வெட்டினார்கள், மிச்சத்தை நானே திருத்தித் தந்தேன்.

மூன்று நாளாகப் பெய்த மழை. தொட்டிக்குள் உடைந்த கதிரைகள், பழைய கார்ப்பெட், அதற்கு அடியில் நனைந்து ஊறிய அட்டைப் பெட்டிகள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நான் உள்ளே ஏறினேன். ரோசா கீழே நின்று, நான் எடுத்துக் கொடுக்கிறதை எல்லாம் தன் குளிர்கோட்டால் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்தா. ஹெலன் குடை பிடித்தாள். யாருக்குப் பிடிப்பது என்று தெரியாமல் முற்றம் முழுக்க ஓடினாள்.

"உனக்கு யார் போனது?" என்று ரோசா கீழே இருந்து கேட்டா. சும்மா கேட்பதுபோலத்தான்.

"தம்பி."

"பெயர்?"

நான் அடுத்த பெட்டிக்குள் கையை விட்டேன். அவ காத்திருந்தா. பிறகு தானாகவே சொன்னா: "சரி. நேரம் எடு."

அந்தத் தாதியின் சாய்ந்த கையெழுத்தில், மை கரைந்தும் கரையாமலும், மிகேல் என்று ஒரு கசெட் வந்தது. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. ரோசாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவ திரும்பி நின்றுகொண்டா.

என்னால் காயவைக்க முடியும் என்றேன். முடியும் என்று நிச்சயமாகத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்து மாரியில் கூரை ஒழுகிய வீடுகளில் இருந்தெல்லாம் நனைந்த கசெட் கடைக்கு வரும். கல்யாண வீட்டுக் கசெட், செத்தவீட்டுக் கசெட். சிலது பிழைக்கும், சிலது இல்லை. அந்தக் கணக்கை ரோசாவிடம் நான் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோக ஹெலன் ஒரு அனுமதித் தாளைத் தேடினாள். அப்படி ஒரு தாள் இல்லை என்று கண்டுபிடித்ததும், "நோ வொறீஸ்," என்றாள். அன்றைக்கு மட்டும் எனக்கும் அப்படியே தோன்றியது.

5

வீட்டில் நிலைமை சரியில்லை. இந்தச் சித்திரை முழுக்க வன்னிச் சண்டைச் செய்தி. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வருகிற மலர் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே டீவியைப் போடுகிறாள். அவளுடைய அக்கா குடும்பம் அங்கே. போன் மணி அடித்தால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், யார் எடுப்பது என்று.

மகள் தர்சினி சட்டம் படிக்கிறாள். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டி இருந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்தவள். எங்களை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நானும் மலரும் கவலைப்பட்ட காலம் நீண்டது. இப்போது திடீரென்று இந்தப் பக்கம் திரும்பி, எங்களைத் தாண்டி முன்னுக்கு ஓடுகிறாள். பல்கலைக்கழகத் தமிழ்ப் பிள்ளைகள் நகர நடுவில் கூடி, காணாமல் போனவர்களின் பெயர்களை வாசிக்கப் போகிறார்களாம். வீடு வீடாகப் போய்க் குரலில் பதிவு செய்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் பதிவு இல்லை.

"அப்பா, ப்ளீஸ். மற்ற ஆக்கள்ற வீட்டில எல்லாம் எடுத்திட்டன். எங்கட சித்தப்பாட பேர்கூட எனக்குத் தெரியாது. ஐ மீன், எவ்வளவு வியர்ட் அது?"

"இப்ப வேண்டாம் பிள்ளை. பிறகு பாப்பம்."

"எப்ப பிறகு?"

"உனக்கு விளங்காது. நாளைக்கு நீ வேலைக்குப் போகேக்க, அங்க இங்க எண்டு தேடிப் பாப்பாங்கள்."

"ஆர் அப்பா? ஆர் தேடுவினம்?"

யார் என்று எனக்கும் தெரியவில்லை. அதுதான் உண்மை. மலர் அடுப்படியில் நின்று ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நின்றால் என் பக்கம் இல்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் பழைய துவாயை விரித்துக் கசெட்டைக் கழற்றினேன். வெளிக்கோதில் இருந்த ஐந்து திருகாணிகளையும் எடுத்து, நாடாவை நல்ல தண்ணீரில் அலசி, காற்றாடிக் காற்றில் விட்டு, மெல்லிய துணிக்குள்ளால் கையால் இழுத்து, வேறு ஒரு நல்ல கோதுக்குள் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் நாடா இழுபட்டுவிடும். இழுபட்டால் குரல் அழுவதுபோலக் கேட்கும். பொறுமை இல்லாத மனிதன் நான். நாலு முறை எழும்பி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் ஒன்றும் இல்லை.

தர்சினி வந்து எதிரே உட்கார்ந்தாள். பென்சிலை நாடாவின் சில்லுக்குள் விட்டு நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் சுத்தட்டா?"

கொடுத்தேன். நான் எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் சுற்றினாள். அப்படி அவள் என்னோடு ஒரு மேசையில் இருந்து கன காலம்.

மத்தியானம் ரோசா வந்தா. சோள மாவில் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தா. மலர் தேத்தண்ணி வைத்தாள். மொழி இல்லாத இரண்டு பெண்களும் ரொட்டியைப் பற்றிக் கையாலேயே நிறையப் பேசினார்கள். மாவு பிசைகிற பதத்தைக் காட்ட ரோசா மலரின் உள்ளங்கையைப் பிடித்து அமுக்கினா.

கசெட்டைப் போட்டேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு கதவு சாத்துகிற சத்தம், தாதி ஏதோ கேட்கிற சத்தம். அதன் பிறகு அவன். 'மே யாமோ' என்றான், மூச்சு எடுத்தான், மிகேல் என்றான். ரோசாவின் மகன் என்றான். நோபிள் பார்க் என்றான். ஒரு எழுத்துக்கூடக் கெடவில்லை. அந்தப் பெயரை முழுதாக நானும் அன்றுதான் கேட்டேன். மாசியில் அது தொடங்கும்போதே வெட்டிவிட்டேனே.

"பிரசென்தே," என்றா ரோசா.

அழவில்லை. பள்ளிக்கூடத்தில் டாப்புக் கூப்பிடும்போது சொல்வார்களே, அந்தக் குரலில்தான் சொன்னா. அழுதது தர்சினி. மலர் காற்றாடியை நிறுத்தினாள்.

ரோசா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "இப்போது நீ," என்றா.

நான் எழும்பி அறைக்குள் போனேன். ஓடிவிட்டேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அலமாரித் தட்டில் இருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். சின்ன வயதில் தர்சினி ஒருமுறை இதை எடுத்து மாட்டிக்கொண்டு ரீச்சர் விளையாட்டு விளையாடியபோது நான் போட்ட சத்தத்தில் பிள்ளை காய்ச்சல் வந்து படுத்தாள். யாருடைய கண்ணாடி என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குசினி யன்னலைச் சாத்தப் போனேன். அது என் பழக்கம். பெரிய கதை எதுவும் கதைக்க முதல் யன்னலைச் சாத்த வேண்டும். பாதி சாத்தியபோது பக்கத்து வீட்டுக்காரன் தன் முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அங்கேயே நின்றேன். பிறகு யன்னலை அப்படியே விட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். வெறும் கசெட் ஒன்றைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. தர்சினி திரும்பப் போட்டபோது கேட்டுத்தான் எழுதுகிறேன். "என்ர தம்பி. எண்பத்தைஞ்சில கிணத்தடியில முகம் கழுவேக்க கொண்டுபோனவங்கள். கண்ணாடி கிணத்துக் கட்டில இருந்தது. அது இல்லாமல் அவனுக்குக் கண் தெரியாது. ஆரும் குடுக்கேல்லை. இப்பவும் என்னட்டத்தான் இருக்கு." நடுவில், 'என்ர தம்பி' என்பதற்குப் பிறகு, பெயர்.

சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் தர்சினி திரும்பப் போட்டாள். என் குரல் எனக்கே அப்பாவின் குரல்போல இருந்தது. அதே செருமல். 'என்ர தம்பி' என்று வந்தது. என் கை தானாக எழும்பி ஒலியைக் குறைக்கிற குமிழுக்குப் போனது. நான் நினைத்துச் செய்யவில்லை. குமிழைத் தொடும் முன் ரோசா என் கையைப் பிடித்து மேசையோடு வைத்து அமுக்கினா. கோழி வெட்டிய கை, நல்ல பலம்.

"சத்தியசீலன்," என்றது கசெட்.

இருபத்து நாலு வருடத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் அந்தப் பெயர். பக்கத்து வீட்டுக்காரன் இலை கூட்டுவதை நிறுத்தி யன்னலைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.